முட்டிக்கு அடியில் தலையணை

செகிஞ்சானிலிருந்து வரும் மீன்காரர், எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் முனையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஹாரன் அடித்ததும் வேலம்மா கட்டிலில் கண்களை இறுக மூடிக்கொள்வாள். மீன் வந்தால் ஐஸும் வரும். ஐஸ் வந்தால் மருமகள் முட்டியை மடக்க வருவாள்.

"அத்த தூங்குறாங்களாம்," என்பாள் கங்கா, யாருக்கோ சொல்வதுபோல. "தூங்குறவங்க கால் விரலு ஆடுமா?"

"ஆடும். கெட்ட கனவு வந்தா ஆடும்."

"என்னா கனவு?"

"நீதான்டி."

அந்த ஆரம்ப நாட்களில் இருவரும் இப்படிச் சிரித்துக்கொள்ள முடிந்தது.

வேலம்மா முப்பது வருஷத்துக்கும் மேல் ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் சீவியவள். மேடும் பள்ளமும் வாளியோடு ஏறி இறங்கியதில் முழங்கால் இரண்டும் தேய்ந்தன. வலது முட்டி எலும்போடு எலும்பு உரசும் நிலைக்கு வந்து, கக்கூசில் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும் என்றானபோது, கோலாலம்பூரில் பெரிய ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டு இரும்பும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த புது முட்டி வைத்தார்கள். எண்பத்தெட்டில் அது எஸ்டேட் முழுக்கப் பேச்சாக இருந்தது. அவள் மகன் தனபாலன் எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டுபவன். "ஒங்கம்மாவுக்கு ஸ்பேர்பார்ட் மாத்திட்டாங்களாமே, கேரண்டி எத்தன வருஷம்?" என்று கூட வேலை செய்பவர்கள் கேட்டார்கள். அவனும் சிரித்துக்கொண்டே கக்கூஸ் குழிக்கு மேல் வைக்க ஒரு நாற்காலியின் நடுப்பலகையை அறுத்தான்.

முட்டி வைத்தது ஒரு நாள் வேலை. அதை மடக்கப் பழக்குவதுதான் பெரிய வேலை. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த மிஸ் லியோங், மலாயில் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகக் கங்காவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். முதலில் வயிற்றுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். பிறகு வலி மாத்திரை. அது வேலை செய்யத் தொடங்கும் வரை காத்திருந்து மடக்க வேண்டும். முடிந்ததும் ஐஸ் ஒத்தடம். படுக்கும்போது குதிகாலுக்கு அடியில் துணி உருட்டி வைக்கலாம். முட்டிக்கு அடியில் மட்டும் தலையணை வைக்கவே கூடாது.

"ஆச்சி கேப்பாங்க," என்றாள் மிஸ் லியோங். "ரொம்ப சுகமா இருக்கும். அழுவாங்க. குடுத்துடாத. சுகமா மடங்கியே இருந்தா முட்டி அப்புறம் நேராவும் ஆகாது, நல்லா மடங்கவும் செய்யாது."

வீட்டுக்கு வந்ததும் கங்கா நாற்காலிக்கு அடியில் கோலக்கட்டியால் ஒரு கோடு போட்டாள். மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையோடு பின்னுக்கு இழுக்க வேண்டும். இழுத்து நின்ற இடத்திலிருந்து கங்கா கணுக்காலைப் பிடித்து இன்னும் கொஞ்சம் அழுத்த வேண்டும். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் குதிகால் அந்தக் கோட்டைத் தொட்டுவிட வேண்டும். தொடாவிட்டால் மறுபடி மயக்கம் கொடுத்து டாக்டரே மடக்குவார். முதல் மயக்கத்திலேயே வேலம்மாவின் நெஞ்சுத் துடிப்பு தடுமாறி, செத்துப்போன புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு இரண்டு நாள் கிடந்தாள். "இன்னொரு வாட்டி ஊசி போட்டாங்கன்னா நான் எந்திரிக்க மாட்டேன்," என்று அவள் சொன்னபோது, யாரும் அப்படி இல்லை என்று சொல்லவில்லை.

லயத்தில் மின்சாரம் சாயங்காலம்தான். குளிர்பெட்டி வைத்திருந்தவர் எஸ்டேட் கணக்கெழுதும் கிராணி மட்டுமே. அதனால் ஐஸுக்கு மீன்காரரைத்தான் நம்ப வேண்டியிருந்தது. அவர் பெட்டியின் அடியிலிருந்து ஒரு கட்டியை உடைத்துச் சாக்கில் சுற்றிக் கொடுப்பார்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா என் முட்டியில கெளுத்தி வாடை," என்று வேலம்மா முகத்தைச் சுளிப்பாள். "முருகன் எந்த மூஞ்சியோட இந்த வீட்டுக்கு வருவாரு?"

மீன்காரர் வருவது, மரம் சீவுபவர்கள் வேலை முடிந்து வீடு திரும்பும் மத்தியான நேரத்தில். ரப்பர் காட்டில் ஆள் இருக்கும்வரை அவருக்கு வியாபாரம் ஏது? ஆகவே வேலம்மாவின் முட்டி மடங்கும் நேரமும், லயத்தின் எல்லா அடுப்பும் எரியும் நேரமும் ஒன்றாகிவிட்டன. பக்கத்து வீட்டோடு பிரிக்கும் சுவர் கூரைவரை எட்டாது. ஒரு வீட்டில் கடுகு வெடித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். வேலம்மா "அய்யோ, என்னைய விடு" என்று அலறினால் அது எத்தனை வீட்டுச் சோற்றில் விழும் என்று கங்கா அப்போது யோசிக்கவில்லை.

யோசிக்க வைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை.

அன்று வேலம்மா மாத்திரை வேண்டாம் என்றாள். வயிறு எரிகிறது, கஞ்சியும் இறங்கவில்லை என்றாள். மாத்திரை இல்லாமல் மடக்கக் கூடாது என்று கங்காவுக்குத் தெரியும். ஆனால் முந்தின நாளும் விட்டுப்போயிருந்தது. சாக்கில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. இன்றைக்கு லேசாகச் செய்யலாம் என்று நினைத்துத் தரையில் உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்தாள்.

பாதம் நகரும் முன்பே வேலம்மா கத்தினாள். "பெத்தவளுக்குத்தான்டி அடுத்தவ வலி தெரியும்! மெஷின்ல நின்ன வயித்துக்கு என்னா தெரியும்?"

அந்தச் சொல் புதிதில்லை. கங்கா ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். தனபாலன் அவளை விரும்பிக் கட்டிக்கொண்டு வந்தபோது வேலம்மாவுக்குப் பிடிக்கவில்லை. கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் கங்காவுக்குக் கரு கலைந்தது. துக்கம் கேட்க வந்தவர்களிடம், "ராவும் பகலும் மெஷின்ல நின்ன வயிறு, எப்படித் தங்கும்?" என்றாள் வேலம்மா. உள்ளறையில் படுத்திருந்த கங்கா அதைக் கேட்டாள். அதன்பின் இரண்டு வருஷம் சோறு போட்டு, துணி துவைத்து, ஆஸ்பத்திரியில் கூடவே தங்கி, அந்தச் சொல் போய்விட்டது என்றே நினைத்திருந்தாள்.

போகவில்லை. அது அவளுடைய கைகளுக்குள் இருந்தது.

கைகள் அழுத்தின. உள்ளே எதுவோ பிய்வதுபோல ஒரு சத்தம் கேட்டது. குதிகால் அதுவரை போகாத தூரத்துக்குச் சரக்கென்று பின்னால் போனது. வேலம்மா போட்ட சத்தத்தில் லயத்துக் கோழிகள் சிதறின. கங்கா கையை எடுத்துவிட்டாள். மாமியாரின் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. கண்ணில் தண்ணீர்கூட வரவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு கங்கா எழுந்து ஐஸ் எடுக்கப் போனாள். கட்டி கைநழுவிக் கீழே விழுந்து தரையில் வழுக்கிக்கொண்டு ஓடியது.

மறுநாள் குழாயடியில் பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி குடத்தை மெதுவாக நகர்த்தி இடம் விட்டாள்.

"வா கங்கா. நீ மொதல்ல புடிச்சிக்க."

"பரவால்லக்கா, நீங்க புடிங்க."

"இல்லம்மா, நீ புடி. ஒன் கைக்கு வேலை ஜாஸ்தி." புஷ்பவள்ளி பக்கத்தில் நின்றவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "நேத்து கேட்டோம்ல? எங்க வூட்டுக்காரரு சோத்த அப்படியே வச்சிட்டாரு. பலமான கையிதான் ஒனக்கு. கணக்குத் தீக்க மாமியா காலு வசமா கெடச்சிருச்சு."

"ஆஸ்பத்திரில சொன்னதக்கா..."

"ஆஸ்பத்திரில மொறிக்கச் சொன்னாங்களா லா?"

எல்லாரும் சிரித்தார்கள். அது பொய்யாக இருந்திருந்தால் கங்காவும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பாள். வாய்ச்சண்டையில் அவள் குறைந்தவள் அல்ல. குடம் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அன்று மீன்காரர் ஹாரன் அடித்தபோது அவள் வெளியே போகவில்லை.

வேலம்மா கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். ஹாரன் சத்தம் அடுத்த லயத்துக்கு நகர்ந்தது. கங்கா உள்ளே வந்து, தன் தலையணையை எடுத்து, மாமியாரின் முட்டியை மெல்லத் தூக்கி அடியில் வைத்தாள்.

"சுகமா இருக்கா அத்த?"

வேலம்மா நீளமாக மூச்சு விட்டாள். "இருக்கு."

"அப்ப இருக்கட்டும்."

தலையணை அங்கேயே இருந்தது. சாயங்காலம் வந்த தனபாலன் அம்மா அயர்ந்து தூங்குவதைப் பார்த்துவிட்டு, அடுப்படியில் மனைவியின் தோளில் கை வைத்தான். "நீ இல்லன்னா அம்மா கதி என்னா ஆயிருக்கும்? நான் கூட இப்படிப் பாக்க மாட்டேன் புள்ள." கங்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வருவதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதன்பின் மாமியாருக்கு அவள் செய்யாத உபசாரம் இல்லை. நண்டு ரசம் வைத்தாள். தலைக்கு எண்ணெய் தேய்த்தாள். குளிக்க வெந்நீர் ஊற்றினாள். முட்டியை மட்டும் தொடவில்லை. நாற்காலி சுவரோரம் போனது. ஈரத்துணியால் தரையைத் துடைக்கும்போது கோலக்கட்டிக் கோடும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. இன்னும் வீக்கம் வடியவில்லை, வடிந்ததும் ஆரம்பிக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது உண்மையில்லை என்று தெரிந்தது. மறுபடி அந்தக் காலைத் தொட்டால் தன் கை என்ன செய்யும் என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

வேலம்மாவும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் வந்தது. தனபாலனின் கூட்டாளி அழகேசன் தன் வேனைக் கொண்டுவந்தான். பின் இருக்கையில் காலை நீட்டி வேலம்மாவை உட்கார வைத்தார்கள். முட்டி முழுதாக நீளவும் இல்லை, மடங்கவும் இல்லை. பாதி திறந்த கத்திரிக்கோல்போல நின்றது.

மிஸ் லியோங் அளவுகோலை முட்டியில் வைத்தாள். மறுபடி வைத்தாள். மடங்கும் அளவு போன தடவையைவிடக் குறைந்திருந்தது. அவள் குரலை உயர்த்தவில்லை. வேலம்மாவைப் பார்த்து மலாயில் கேட்டாள்.

"ஆச்சி, வீட்டுல மடக்குறீங்களா?"

கங்கா வாயைத் திறந்தாள். அதற்குள் வேலம்மா சொல்லிவிட்டாள். "தினம் தினம். என் மருமக விடவே மாட்டா."

"தலையணை?"

"தலையணையா? கேட்டாக்கூடத் தர மாட்டா. கல்நெஞ்சுக்காரி."

மிஸ் லியோங் கங்காவைப் பார்த்தாள். கங்கா தரையைப் பார்த்தாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இரண்டு வாரம் தருகிறேன், அதற்குள் மாற்றம் இல்லாவிட்டால் மயக்கம் கொடுத்து மடக்குவதைத் தவிர வழியில்லை என்றார். நெஞ்சைப் பற்றித் தனபாலன் கேட்டான். டாக்டர் காகிதங்களைப் புரட்டினார்.

அவர்கள் கிளம்பும்போது மிஸ் லியோங் கங்காவைத் தனியாகக் கூப்பிடவில்லை. இருவர் கையையும் ஒன்றாகப் பிடித்து, வேலம்மாவின் கையைக் கங்காவின் மணிக்கட்டின் மேல் வைத்தாள். "இப்படி வச்சிக்கங்க. ஆச்சி இறுக்கிப் புடிச்சா நீ நிறுத்தணும். தளர்த்தினா மறுபடி அழுத்து. எவ்வளவு, எப்பன்னு ஆச்சிதான் சொல்லணும், நீ இல்ல."

திரும்பும் வழியில் பத்தாங் பெர்ஜுந்தை சந்திப்பில் அழகேசன் வேனை நிறுத்தினான். தனபாலனும் அவனும் டீ வாங்கப் போனார்கள். வேலம்மாவை இறக்கி ஏற்றுவது பெரும்பாடு என்பதால் பெண்கள் இருவரும் வேனிலேயே இருந்தார்கள். எண்ணெய்ச் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று வாடையோடு பக்கத்தில் உறுமிப் போனது.

"ஏன் அத்த பொய் சொன்னீங்க?"

"நெசத்த சொன்னா ஒன்னையத்தான் திட்டுவா அந்தச் சீனப்புள்ள. ஒன் புருஷனும் கூட நிக்கிறான்."

"திட்டட்டுமே. நான்தான மடக்கல."

"நானும்தான் கேக்கல."

கங்கா சேலை முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். இப்போது சொல்லாவிட்டால் பிறகு சொல்லவே மாட்டோம் என்று பட்டது.

"அத்த, அன்னிக்கி செவ்வாக்கெழம... நான் வேணும்னே அழுத்துனேன். முட்டி மடங்கணும்னு இல்ல. ஒங்களுக்கு வலிக்கணும்னு. ஒரு நிமிஷம்தான். ஆனா வேணும்னேதான்."

"தெரியும்."

"தெரியுமா?"

"என் காலுக்குத் தெரியாதா? தெனம் புடிக்கிற கையி. அன்னிக்கி அது வேற கையி." வேலம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அதான் நானும் அப்புறம் வாயத் தொறக்கல. பயமா இருந்துச்சு. தலையணைய வச்சியா, சரி, இப்படியே கெடப்போம்னு கெடந்துட்டேன்."

கங்கா அழுதாள். வேலம்மா அதைத் தடுக்கவில்லை. வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

"அன்னிக்கி நான் சொன்ன வார்த்தைய வலியில சொல்லிட்டேன்னு சொல்லலாம். ஆனா மொத தடவ சொன்னப்ப எனக்கு எந்த வலியும் இல்ல. நல்லாத்தான் இருந்தேன். வெத்தல போட்டுக்கிட்டு ஒக்காந்து சொன்னேன்."

கங்காவுக்கு "பரவால்ல" என்ற சொல் வாய்வரை வந்தது. அது பொய்யாகிவிடும் என்று விழுங்கினாள்.

தனபாலன் பிளாஸ்டிக் பையில் கட்டிய டீயை ஜன்னல் வழியாக நீட்டினான். "என்னா, ரெண்டு பேரும் மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க?"

"ஒங்கம்மாவுக்கு டீயில சீனி கம்மியா?" என்றான் அழகேசன்.

"எனக்கு எல்லாமே கம்மிதான்," என்று வேலம்மா உறிஞ்சுகுழாயை வாயில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஹாரன் கேட்டதும் வேலம்மா கண்ணை மூடவில்லை. கஞ்சி குடித்து, மாத்திரையும் போட்டுக்கொண்டு தயாராக இருந்தாள். "நாற்காலிய வெளிய போடு," என்றாள்.

"வெளியவா? எல்லாரும் இருக்காங்க அத்த."

"இருக்கட்டும். உள்ள இருந்து கேட்டாத்தான கத கட்டுவாங்க. கண்ணால பாக்கட்டும்."

கங்கா வாசல் சிமெண்டில் நாற்காலியைப் போட்டு, அடியில் புதிதாகக் கோடு கிழித்தாள். முன்னால் உட்கார்ந்தாள். வேலம்மா தன் கையை அவள் மணிக்கட்டின் மேல் வைத்தாள். மரப்பால் காய்ந்து காப்புக் காய்த்த கை.

கங்காவால் அழுத்த முடியவில்லை. கணுக்காலைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள்.

"என்னா?"

"பயமா இருக்கு அத்த."

"எனக்கும்தான். நான்தான புடிச்சிருக்கேன்? அழுத்து."

அவள் அழுத்தினாள். வேலம்மா கத்தினாள். பழைய கத்தலேதான். எதிர் வீட்டுக் கதவுகள் திறந்தன. புஷ்பவள்ளி அகப்பையோடு வந்து நின்றாள்.

"வேலம்மாக்கா! வாசல்ல வச்சே கொல்றாளா?"

மணிக்கட்டில் பிடி இறுகியது. கங்கா அந்தக் கணமே நிறுத்தினாள். வேலம்மா மூச்சு வாங்கினாள். நெற்றி வியர்வையைத் துடைத்தாள்.

"புஷ்பவள்ளி, நீ மூணு பெத்தியே, அப்ப கத்துனியா இல்லையா?"

"கத்தாம?"

"மருத்துவச்சியப் பாத்துக் கொலகாரின்னு சொன்னியா?"

யாரோ சிரித்தார்கள். புஷ்பவள்ளியும் சிரித்துவிட்டாள். "நான் சொன்னேனே! செருப்பால அடிப்பேன்னே சொன்னேன்."

"அப்ப நீ போயி சோத்தப் பாரு. தீயுது."

புஷ்பவள்ளி உள்ளே ஓடினாள். மணிக்கட்டில் பிடி தளர்ந்தது. கங்கா மறுபடி அழுத்தினாள்.

அப்படித்தான் அந்த நாட்கள் போயின. சில நாள் குதிகால் முன்னேறும். சில நாள் வீங்கிக்கொண்டு பின்வாங்கும். தலையணை குதிகாலுக்கு அடிக்கு இடம் மாறியது. அதுவும் வலித்தது, முட்டி நீள வேண்டுமே. வேலம்மா சில இரவு அதை இழுத்து முட்டிக்கு அடியில் செருகிக்கொள்வாள். காலையில் கங்கா அதை நகர்த்தி வைப்பாள். தனபாலனிடமும் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன், "அந்த வார்த்தைய அம்மா சொன்னப்ப நானும் அங்கதான் நின்னேன்," என்று மட்டும் சொன்னான்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் குதிகால் கோட்டைத் தொட்டது. யாரும் கை தட்டவில்லை. மீன்காரர்தான் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடியே எட்டிப் பார்த்து, "வாஹ்! பாகுஸ், ரொம்ப நல்லா இருக்கு ஆச்சி!" என்றார். மறுநாள் ஆஸ்பத்திரியில் மிஸ் லியோங் அளவுகோலை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, டாக்டரிடம் மயக்கம் தேவையில்லை என்று சொன்னாள். கங்கா வெளியே வராந்தாவுக்குப் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

பருவமழை தொடங்கும் முன்பே வேலம்மா கைத்தடியோடு குழாயடிவரை நடந்தாள். கங்கா குடத்தோடு பின்னால் வந்தாள். பெண்கள் விலகி இடம் விட்டார்கள்.

"பாத்தியா நடைய!" என்றாள் புஷ்பவள்ளி. "இனிமே எங்கள வேல வாங்க ஆரம்பிச்சிருவீங்க."

"எல்லாம் இவ புண்ணியம்," என்று வேலம்மா தடியால் கங்காவைக் காட்டினாள். "பலமான கையி என் மருமகளுக்கு."

மனதாரத்தான் சொன்னாள். முகத்தில் பெருமை இருந்தது. கங்கா குழாயைத் திறந்து, குடத்துக்குள் தண்ணீர் விழுவதையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். குடம் நிரம்பியது. தூக்குவதற்கு முன், யாரோ மணிக்கட்டைப் பிடிப்பார்கள் என்று காத்திருப்பதுபோல, அவள் கை ஒரு நொடி தயங்கி நின்றது.